எச்சமும் உரிமையும்: இந்தியச் சட்ட வரலாற்றில் மாற்றுத்திறனாளர்

முன்னுரை

‘எச்சம்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள்பட வழங்கியுள்ளது. ஒருவர் தமக்குப் பின் விட்டுச் செல்லும் மக்கள், புகழ், பொருள் ஆகியன எச்சம் எனப்பட்டன. பிறப்பில் அமைந்த உறுப்புக்குறையும் எச்சம் எனப்பட்டது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் இச்சொல் முதற்பொருளில் வருகிறது; பரிமேலழகர் அதற்கு மக்கள் என்றே உரை காண்கிறார். புறநானூற்றின் 28-ஆம் பாடலில் அது இரண்டாம் பொருளில் வருகிறது.

ஒரு சொல்லில் ஒன்றாக நிற்கும் இவ்விரு பொருள்களும் இந்தியச் சட்ட வரலாற்றில் நீண்ட காலம் ஒன்றுக்கொன்று பகையாய் இருந்தன. உறுப்புக்குறை உடையவர்க்குத் தந்தை விட்டுச் சென்ற பொருளில் பங்கில்லை என்பதே அந்நாளைய தாயமுறை. அம்முறை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு தளர்ந்தது, அதனிடத்தில் இரக்கமும் பின்னர் உரிமையும் எவ்வாறு வந்தமைந்தன என்பவற்றைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். மாற்றுத்திறனாளர் என்னும் இன்றைய சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. பழைய சொற்கள், வரலாற்றுத் தேவை கருதி வேண்டிய இடங்களில் மட்டும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

இலக்கியம் காட்டும் இரு நோக்குகள்

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய மேற்குறித்த பாடல், பார்வையின்மை, கூன், குறள், ஊமை, செவிடு, மருள் முதலாக எட்டு வகையினரை எண்ணுகிறது. அத்தகைய பிறப்பால் பயனில்லை என்னும் முன்னோர் கருத்தைக் கூறி, குறையில்லாப் பிறப்பினன் அறமும் பொருளும் இன்பமும் பேண வேண்டும் என்று அரசனுக்கு அறிவுறுத்துகிறது. மாற்றுத்திறனாளர் இங்குப் பாடலின் பொருளாக வரவில்லை. பிறர்க்கு அறம் உணர்த்தும் ஒப்புமையாகவே வருகின்றனர் என்பது கருதத்தக்கது.

மணிமேகலை இதனின் வேறுபட்ட நோக்கினைக் காட்டுகிறது. மதுரைச் சிந்தாதேவி கோயிலில் ஆபுத்திரன் பார்வையற்றோரையும் செவிப்புலன் அற்றோரையும் நடக்க இயலாதோரையும் ஆதரவற்றோரையும் நோயுற்றோரையும் அழைத்து உணவளிக்கிறான். பசிப்பிணி நீக்குதல் அனைத்தினும் சிறந்த அறம் எனக் கொண்ட அக்காப்பியத்தில் அவர்கள் அருளுக்கு உரியோர் ஆகின்றனர். எனினும் அவர்கள் கொடுப்போர் கையை நோக்கி நிற்போரே ஆவர்.

திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் மூன்றாவது நோக்கு ஒன்றிற்கு இடமிருப்பதாகத் தோன்றுகிறது. பொறி இல்லாதிருத்தல் ஒருவர்க்கு இழுக்காகாது; அறியவேண்டுவன அறிந்து முயலாமையே இழுக்கு என்னும் கருத்து அங்கே அமைந்துள்ளது. பரிமேலழகர் பொறி என்பதற்கு விதி எனப் பொருள் கொண்டார். அதனை உடலின் பொறி எனக் கொள்வோரும் உளர். பிற்கூறிய பொருள் கொள்ளப்படின், குறையை இழுக்காகக் கருதும் பழைய வழக்கிற்கு எதிரான குரல் தமிழிலேயே ஒலித்தது எனலாம். ஆயினும் அறநூலின் குரல் சட்டத்தின் குரலாக மாறுவதற்கு மிக நெடுங்காலம் ஆயிற்று.

சோறு உண்டு, பங்கு இல்லை

மனுநூலின் ஒன்பதாம் இயல் தாயப்பங்கிற்கு உரியரல்லாதோரைப் பட்டியலிடுகிறது. பிறவியிலேயே பார்வையும் செவிப்புலனும் அற்றோர், சித்தம் பிறழ்ந்தோர், அறிவு வளர்ச்சி குன்றியோர், வாய்பேசாதோர், உறுப்புக்குறை உடையோர் ஆகியோர் அதில் இடம்பெறுகின்றனர். அதற்கு அடுத்த செய்யுளே அவர்களுக்கு உணவும் உடையும் தந்து காத்தல் வேண்டும் எனக் கூறுகிறது. யாக்ஞவல்கியமும் இதே முறையினது. அதற்கு உரையாக எழுந்த மிதாட்சரம், குறை மருந்தால் நீங்கினால் பங்கு உண்டு எனவும், குறையற்ற மகன்களுக்குப் பங்கு உண்டு எனவும் விதிவிலக்குகள் வகுத்தது. சடங்குகள் செய்யும் தகுதியின்மையே இவ்விலக்கிற்குக் காரணமாகப் பொதுவாகக் கூறப்படுகிறது.

இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இந்நூல்கள் மாற்றுத்திறனாளரைப் பட்டினியிடச் சொல்லவில்லை; காக்கவே சொல்கின்றன. ஆனால் காக்கப்படுவோர் உடைமையாளராக இருத்தல் கூடாது என்பதே அவற்றின் முடிவாகும். சோறு உண்டு, பங்கு இல்லை. இரக்கம் உரிமைக்கு மாற்றாக வைக்கப்பட்ட இந்த ஏற்பாடு, பெயர் மாறியும் வடிவம் மாறியும் பின்வந்த சட்டங்களுள்ளும் தொடர்ந்தமையைக் காணலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிமன்றங்கள் இந்நெறிமுறைகளை இந்துச் சட்டம் என ஏற்று நடைமுறைப்படுத்தின. குறை பிறவியிலேயே அமைந்தது என்றும் தீராதது என்றும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் எனத் தீர்ப்புகள் வலியுறுத்தியதால், பங்காளிகளின் வழக்குகளில் ஒருவருடைய உடலே சான்றுப்பொருள் ஆயிற்று. மறுபுறம் 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டமும் 1912-ஆம் ஆண்டின் இந்திய மனநோயாளர் சட்டமும் அடைத்து வைத்தலையே முதன்மை வழியாகக் கொண்டன. இதே காலத்தில்தான் 1887-இல் அமிர்தசரசிலும் 1890-இல் பாளையங்கோட்டையிலும் பார்வையற்றோர்க்கான பள்ளிகள் தோன்றின. கல்வி கிறித்தவத் தொண்டாக வந்தது. சட்டம் அதனைத் தன் கடமையாகக் கொள்ளவில்லை.

1928: முதல் திருப்பம்

1928-ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் சட்டம் ‘இந்துத் தாயத் தகுதியின்மை நீக்கச் சட்டம்’ எனத்தக்கது. நோய், உறுப்புக்குறை, உடல் அல்லது மனக்குறை என்பவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி ஒருவர்க்குத் தாயவுரிமையையோ கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கையோ மறுத்தல் ஆகாது என அது விதித்தது. எனினும் பிறவி முதல் மனநோயோ அறிவு வளர்ச்சிக் குறைவோ உடையவரை அது விலக்கியே வைத்தது. தாயபாக நெறியைப் பின்பற்றுவோர்க்கும் அது பொருந்தவில்லை. இவ்விரு விலக்குகளும் நீங்கி, நோயோ குறையோ எவருடைய தாயவுரிமையையும் தடுக்காது என்னும் நிலை 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவினால்தான் ஏற்பட்டது.

1928-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அது நீக்க முனைந்த தகுதியின்மை எவருடைய உடலிலும் இருந்ததன்று; சட்டம் அவர்மேல் ஏற்றியது. பார்வையற்ற ஒருவர் அச்சட்டத்திற்குப் பின்னும் பார்வையற்றவரே. ஆனால் தாயத்திற்குத் தகுதியற்றவர் அல்லர். குறை வேறு, அக்குறைமேல் சமூகம் ஏற்றும் தடை வேறு என்னும் வேறுபாடு, அதனை இயற்றியோர் கருதியோ கருதாமலோ, இச்சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட கருத்து இதுவேயாகும்.

அரசியலமைப்பும் அதன் மௌனமும்

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 41-ஆம் உறுப்பு வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் அரசின் உதவி கிடைக்க வழிசெய்யுமாறு கூறுகிறது. இது வழிகாட்டு நெறி. நீதிமன்றத்தில் கோரிப் பெறத்தக்க அடிப்படை உரிமையன்று. மேலும் அரசின் பொருளியல் ஆற்றலுக்கு உட்பட்டு என்னும் வரம்பும் அதற்கு உண்டு. ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியல் ‘உடற்குறையுற்றோர், வேலைசெய்ய இயலாதோர் ஆகியோர்க்கு நிவாரணம்’ என ஒரே தொடரில் இருவரையும் இணைக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் வேறுபாடு காட்டலாகாது எனும் 15-ஆம் உறுப்பில் உடற்குறை என்னும் சொல் இல்லை.

நிவாரணம் என்னும் நோக்கே பின்வந்த திட்டங்களையும் ஆண்டது. 1977-இல் மைய அரசின் மூன்றாம், நான்காம் நிலைப் பணிகளில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு தரப்பட்டது. உயர்நிலைப் பணிகளுக்கு அவர்கள் தகுதியுடையோர் என்னும் எண்ணம் அன்று எழவில்லை. 2009-இல் தொடங்கப்பெற்ற இந்திராகாந்தி தேசிய மாற்றுத்திறனாளர் ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள, 80 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்புடையோர்க்கான மைய அரசின் பங்கு 2012-இல் மாதம் 300 ரூபாய் என உயர்த்தப்பட்டது. மாநிலங்கள் தத்தம் பங்கினை இதனுடன் சேர்த்துத் தருகின்றன. உணவும் உடையும் தருக எனச் சொன்ன பழைய விதியோடு இத்தொகையை ஒப்பிட்டு நோக்கினால், எவ்வளவு தொலைவு வந்துள்ளோம் என்னும் வினா எழாமல் இராது.

1995: உரிமை என்னும் சொல்

1992 டிசம்பரில் பெய்ஜிங்கில் கூடிய ஆசிய பசிபிக் நாடுகள் 1993 முதல் 2002 வரையிலான பத்தாண்டினை மாற்றுத்திறனாளர்க்கு உரியதாக அறிவித்தன. அதில் இந்தியாவும் கையொப்பமிட்டது. ஆயினும் கையொப்பம் தானே சட்டமாகிவிடவில்லை. சாவேத் அபிதி முதலானோர் தலைமையில் மாற்றுத்திறனாளர் தில்லி வீதியில் இறங்கிப் போராடினர். 1995 டிசம்பரில் நாடாளுமன்றம் ‘சம வாய்ப்பு, உரிமைப் பாதுகாப்பு, முழுப் பங்கேற்பு’ என்பவற்றைப் பெயரிலேயே கொண்ட சட்டத்தை நிறைவேற்றியது. 1996 பிப்ரவரி 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஏழு வகைக் குறைகளை அச்சட்டம் ஏற்றது. 18 வயது வரை இலவசக் கல்வி, அரசுப் பணியில் 3 விழுக்காட்டிற்குக் குறையாத ஒதுக்கீடு, பணிக்காலத்தில் குறை நேர்ந்தவரைப் பணிநீக்கம் செய்யத் தடை ஆகியன அதன் இன்றியமையாக் கூறுகளாம். இவற்றுள் பணிநீக்கத் தடை 2003-இல் குணால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்டது. ஒதுக்கீடோ எளிதில் நடைமுறைக்கு வரவில்லை. ‘பொருத்தமானவை என இனங்காணப்பட்ட பணியிடங்கள்’ என்னும் தொடரைக் காட்டி, அவ்விடங்களில் மட்டுமே 3 விழுக்காடு கணக்கிடப்பட்டு வந்தது. மொத்தக் காலியிடங்களின் அடிப்படையிலேயே கணக்கிட வேண்டும் என 2013 அக்டோபரில் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பின் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஒரு தொடரின் பொருளைத் தெளிவிக்க ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைக்காலத்தில் வயது வரம்பைக் கடந்தோர்க்கு அத்தீர்ப்பினால் விளைந்த பயன் யாது என்பது விடையில்லா வினாவாகும்.

எண்ணப்படாதோர் உரிமை பெறுதலும் அரிது. 1991-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளர் பற்றிய வினா இடம்பெறவில்லை. 2001-இல் மீண்டும் கேட்கப்பட்டபோது 2.19 கோடி எனவும், 2011-இல் 2.68 கோடி எனவும் தொகை கிடைத்தது. பின்னது மக்கள்தொகையில் 2.21 விழுக்காடாகும்.

2016: தடையே குறை

2006 டிசம்பர் 13-இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007 அக்டோபர் 1-இல் அதனை உறுதிசெய்தது. அதற்கேற்ப 2016-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. குறை வகைகள் ஏழிலிருந்து இருபத்தொன்றாயின. அரசுப் பணி ஒதுக்கீடு 4 விழுக்காடாகவும், அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசுதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களிலும் சேர்க்கை ஒதுக்கீடு 5 விழுக்காடாகவும் உயர்ந்தன. மாற்றுத்திறனாளரைப் பொதுவிடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவோர்க்கு ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. புறநானூறு எட்டு எச்சங்களுள் ஒன்றாக எண்ணிய குறள், 1995-இன் பட்டியலில் இடம்பெறாமல், 2016-இன் பட்டியலில் உரிமைக்குரிய வகையாக இடம்பெற்றமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இவ்வெண்களினும் முதன்மையானது, மாற்றுத்திறனாளர் யார் என்பதற்கு இச்சட்டம் தரும் வரையறை. நெடுங்காலக் குறை உடைய ஒருவர், புறத்தே உள்ள தடைகளை எதிர்கொள்கையில், பிறர்க்கு நிகராகச் சமூகத்தில் பங்கேற்க இயலாமல் போவதே இங்கு வரையறையாகும். படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தில்தான் சக்கரநாற்காலி தடையாகிறது. சாய்தளம் இருப்பின் ஆவதில்லை. எனவே, பிறர்க்கு அளவிறந்த சுமை ஏற்படாத வகையில் தக்க வசதி செய்து தருதல் அருட்செயலன்று, கடமை என்றாயிற்று. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. சான்றிதழில் 40 விழுக்காடு என்னும் அளவை எட்டாதவராயினும், எழுதுவதில் இடர்ப்பாடு உடையவர்க்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவரை மறுத்தல் ஆகாது என்பதே அத்தீர்ப்பு. 2025 மார்ச் 3-இல் வந்த மற்றொரு தீர்ப்பு, பார்வையின்மையை மட்டும் காரணமாகக் காட்டி ஒருவரை நீதித்துறைப் பணியினின்று விலக்குதல் ஆகாது எனக் கூறி, அதற்குத் தடையாயிருந்த மத்தியப் பிரதேச விதியை நீக்கியது. தாயப்பங்கிற்கே தகுதியற்றவர் எனப்பட்டவர், பிறருடைய பங்கினைத் தீர்த்து வழங்கும் இருக்கைக்குத் தகுதியுடையவர் ஆயினார்.

மொழித்துறையின் கடமை

சட்டத்துடன் சொல்லும் மாறி வந்துள்ளது. 2010-ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டரசு ஊனமுற்றோர் என்னும் சொல்லை விடுத்து மாற்றுத்திறனாளிகள் என்பதை ஆட்சிச்சொல் ஆக்கியது. 2016-இல் மைய அரசின் துறைப்பெயர் திவ்யாங்கன் எனும் சொல்லை ஏற்றது. 2024 சூலையில் திரைப்படச் சித்திரிப்புப் பற்றிய வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், இழிவான சொற்கள் மாற்றுத்திறனாளரின் தன்மதிப்பைக் குலைப்பதைச் சுட்டியது. சொல்மாற்றம் வேண்டற்பாலதே. ஆனால் சொல்லை மட்டும் மாற்றித் தடையை விட்டுவைத்தல் போதாது. இதனைத் தமிழ்த்துறைகள் தம்மிடமிருந்தே அறியலாம்.

இக்கட்டுரையாளரின் முதுகலை வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் பயின்றார். பாடத்திற்குரிய உரைநூல்கள் அனைத்தும் பக்கங்களைப் படமெடுத்த கோப்புகளாக அனைவர்க்கும் அனுப்பப்பட்டன. கடமை முடிந்தது என்றே இக்கட்டுரையாளரும் எண்ணியிருந்தார். மூன்று வாரங்களுக்குப் பின், கோப்பு திறக்கிறது, ஆனால் பக்கம் பேசவில்லை என்று அம்மாணவர் தயங்கிக் கூறினார். படமாக உள்ள எழுத்தைத் திரைவாசிப்பான் படிக்காது. அம்மூன்று வாரமும் அவர் நண்பர்கள் ஓய்வாயிருக்கும் நேரம் பார்த்துப் படித்துக்காட்டக் கேட்டுவந்துள்ளார். அவர்க்குச் சேர்க்கை உண்டு, கட்டணச் சலுகை உண்டு, தேர்வில் எழுதுபவரும் உண்டு. நூல் மட்டும் இல்லை. சோறு உண்டு, பங்கு இல்லை என்னும் பழைய தாயமுறை ஒரு தமிழ் வகுப்பறையில் மீண்டும் நடந்தது என்பதை அன்று உணர நேர்ந்தது. அத்தடையை அமைத்தது எந்தச் சட்டமும் அன்று, ஆசிரியரின் கவனமின்மையே.

இதற்குச் சட்டம் தடையாக இல்லை என்பதும் அறியத்தக்கது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்கி, இலாப நோக்கின்றி வழங்க இசைவளிக்கிறது. இதே நோக்கில் 2013-இல் மராக்கேசில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையை, 2014-இல் முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியாவே. பாரதி பிரெய்ல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான முறையாக ஏற்கப்பட்டும் எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. தமிழ் ஒருங்குறியும் எழுத்துணரி மென்பொருள்களும் கைக்கெட்டியவையே. பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகளையும் இதழ்களையும் ஒருங்குறிக்கு மாற்றுதல், உரைநூல்களை எழுத்துவடிவக் கோப்புகளாக ஆக்குதல், பதிப்புக்குறிப்புகளையும் பாடவேறுபாடுகளையும் செவிவழிப் படிப்போர்க்கு விளங்குமாறு அமைத்தல் ஆகியன தமிழ்த்துறைகளே செய்யத்தக்க பணிகளாம். பதிப்பியல் பயிலும் மாணவர்க்கு ஆண்டிற்கு ஒரு நூல் எனப் பயிற்சியாக அளிப்பினும் சில ஆண்டுகளில் ஒரு நூலகம் அமையும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. மாற்றுத்திறனாளரைக் காத்தல் என்பது இந்திய மரபில் புதிதன்று. அவர்க்குப் பங்களித்தலே புதிது. 1928, 1956, 1995, 2016 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அப்பங்கினைப் படிப்படியாகச் சொத்து, கல்வி, பணி, பொதுவாழ்வு எனப் பல துறைகளுக்கும் விரித்தன. குறை உடலில் உள்ளது என்னும் கருத்து, தடை புறத்தே உள்ளது என்னும் கருத்திற்கு வழிவிட்டது. எனினும் சட்டத்தில் எழுதப்பட்ட பங்கு ஒருவர் கைக்கு வந்து சேர்வது அலுவலகங்களிலும் வகுப்பறைகளிலும் நிகழும் சிறு செயல்களாலேயே ஆகும்.

முன்னோர் விட்டுச் சென்ற எச்சம் என நாம் போற்றுவது தமிழ் இலக்கியத்தை. அவ்வெச்சத்தில் பங்கு கேட்டு நம் வகுப்பறைக்கு வருவோர்க்கு அதனைப் படிக்கத்தக்க வடிவில் தருதல் இரக்கம் அன்று. தாயப்பங்கினைப் பிரித்துக் கொடுத்தலேயாகும்.